உன் பிறந்த தேதியை நான் கொடுத்த பிள்ளைகள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உன் செய்தி வந்தது. உன் மகளுக்குப் பெயர் வைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பாப்பாவுக்கு ஒரு எக்கவுண்ட் திறந்திருக்கிறேன், நீங்களும் அம்மாவும்தான் முதலில் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். தொட்டுப் பார்த்தேன். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம், ஆஸ்பத்திரி வாசல், மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டி, வத்தளையில் நீங்கள் இருக்கும் மாடி வீட்டின் இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம், எல்லாம் இருந்தன. உன் அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உடனே உனக்குப் போன் எடுத்தேன். பதின்மூன்று வயது ஆகாதவர்களுக்கு அதில் இடமில்லையே, எப்படித் திறந்தாய் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "வருசத்த மாத்திப் போட்டேம்பா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க." நான் போனை வைத்துவிட்டேன். சாயந்தரம், அப்பாவுக்குக் கோபமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய்.

ஆமாம், கோபம்தான். அந்தக் கோபத்தில் உன் பங்கு கொஞ்சம். பெரும் பங்கு, எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்தப் பிறந்த தேதிப் பெட்டியைச் செய்து வைத்தவர்களுக்கு. மிச்சம் எனக்கு. ஒரு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். உனக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் காரியத்தை நான் செய்தது கடை மேசையில், பத்துப் பேருக்கு முன்னால். அதனால் பத்துப் பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். உன் மகளின் பெயரை இதில் எங்கும் எழுதப் போவதில்லை. இதில் வருகிற இன்னொரு பிள்ளையின் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் இருக்கும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறிப் போக வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

பள்ளிக்கூடங்களை மூடி வைத்திருந்த அந்தக் காலம் உனக்கு நினைவிருக்கும். நீ கொழும்பில் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தாய். இங்கே ஊரடங்கைத் தளர்த்தும் நாட்களில் நம் கொமியூனிகேஷன் கடைக்கு முன்னால் விடிந்ததும் வரிசை நிற்கும். வழக்கமாக போட்டோகொப்பி எடுக்கவும், போனில் காசு ஏற்றும் ரீலோட் போடவும், விண்ணப்பம் நிரப்பவும் வருகிற அதே தோட்டத்துச் சனம்தான். இந்த முறை ஆளுக்கொரு போனை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பாதிக்கு மேல் பழைய போன், திரை கீறல் விழுந்தது. பிள்ளைக்குப் பாடம் இதில் வருகிறதாம், வர வைத்துக் கொடுங்கள் என்பார்கள். பாடக் குழுவில் சேர ஒரு செயலி வேண்டும். செயலிக்கு ஒரு கணக்கு வேண்டும். கணக்குக்குப் பெயரும் பிறந்த தேதியும் வேண்டும். முதலில் வந்த பிள்ளைக்கு உண்மையான தேதியைத்தான் போட்டேன். சிவப்பு எழுத்தில், உங்களுக்குக் கணக்குத் திறக்க முடியாது என்று வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். பின்னால் வரிசை. பன்னிரண்டு மணிக்குக் கடை அடைக்க வேண்டும். திரும்பவும் பெட்டியைத் திறந்தேன். என் விரல் தானாக ஒரு தேதியை அடித்தது. பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் ஆஸ்பத்திரிக் கொப்பியிலும் நான் வாழ்க்கையில் அதிகமாக எழுதிய தேதி, உன்னுடைய பிறந்த தேதி. உடனே கதவு திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் அதையே போட்டேன். எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. ஆறு வயது, எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் உன் வயதுக்காரர்கள் ஆனார்கள். நான் அதைத் தப்பாக நினைக்கவே இல்லை. நன்மை செய்கிறோம் என்ற பெருமைகூட இருந்தது. சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன், இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு நம் மகனின் பிறந்த நாள்தான் என்று.

அந்த வரிசையில் ஒரு நாள் மூர்த்தி வந்து நின்றார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயது மகள் தனுஷியா. மூர்த்தியின் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "மொதலாளி, இவளுக்குப் பாடமும் வரணும், இவ அம்மா மொகத்தயும் பாக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒன்னு போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். பிள்ளை மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மூர்த்தி இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார். கோவிலில் திருநீறு வாங்குவது மாதிரி வாங்கினார். அந்தக் கையை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும்தானே வருடத்தை மாற்றுகிறார்கள், கம்பனி என்ன செய்யும், அதற்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். பசறை பஸ்ஸில் ஏறுகிற பிள்ளையைப் பார்த்ததும் கண்டக்டருக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தெரிகிறது. பிறந்த தேதி கேட்டா டிக்கெட் கிழிக்கிறார்? இந்தக் கம்பனிக்குத் தெரியாதாம். அந்த வருடமே மூர்த்தி ரீலோட் போட வந்தபோது மகளின் கணக்கைத் திறந்து காட்டி, இதில் ஏதோ விளம்பரம் வந்து நிறைந்து கிடக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். பார்த்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், புலமைப்பரிசில் வகுப்பு, பொம்மை போட்ட புத்தகப் பை, சின்னக் காலுக்கு வெள்ளைச் சப்பாத்து. கணக்கின்படி அவளுக்கு உன் வயது. உன் வயதுக்காரனுக்கு எவனாவது புலமைப்பரிசில் வினாத்தாள் விற்பானா? பொருள் விற்க வேண்டும் என்றால் அவள் நாலாம் வகுப்புப் பிள்ளை என்று தெரிகிறது. பாதுகாக்க வேண்டும் என்று வரும்போது மட்டும் அவள் பெரியவள், பதிவில் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தை மறைக்கிற பொத்தானை அமத்திக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தேன்.

நடந்தது போன வருடம். தனுஷியாவுக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் பிள்ளைகள் ஆடிய கோலாட்டத்தை யாரோ எடுத்துக் கொடுக்க, அம்மா பார்க்கட்டும் என்று தன் கணக்கில் போட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு படம், பள்ளிக்கூட உடுப்போடு. சிறு பிள்ளையின் கணக்கு என்றால் தெரியாத ஆட்கள் பார்க்க முடியாமலும் செய்தி அனுப்ப முடியாமலும் பூட்டு இருக்குமாம். அவளுக்கு அந்தப் பூட்டு இல்லை. நான்தான் அவளைப் பெரியவள் ஆக்கிவிட்டேனே. பண்டாரவளையில் படிக்கிற பிள்ளை என்று சொல்லிக்கொண்டு யாரோ பழகினார்கள். எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவின் போன் இலக்கம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் அவள் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு பக்கம் கிளம்பியது. அதில் எழுதியிருந்த சொற்களை நான் இங்கே எழுத மாட்டேன். கீழே மூர்த்தியின் போன் இலக்கம். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த மனுசனுக்கு முன்பின் தெரியாத ஆண்கள் போன் எடுத்து மகளைக் கேட்டார்கள்.

மூர்த்தி நேரே என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கடைக்குள் வராமல் கதவோரம் நின்றாள். நான் அந்தப் பக்கத்தைப் பற்றி முறையிட்டேன், இது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் படம் என்று எழுதி. மறு நாளே பதில் வந்தது. அவர்களை மறுபடியும் வரச் சொல்லி வாசித்துக் காட்டினேன். முறையிட்டதைப் பரிசீலித்தோம், படத்தில் உள்ளவரின் சொந்தக் கணக்குப் பதிவின்படி அவர் வயது வந்தவர், எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை, எங்களைப் பாதுகாப்பான இடமாக வைத்திருக்க உதவியதற்கு நன்றி. நன்றியாம் தம்பி. மூர்த்திக்கு அதில் ஒரே ஒரு விசயம்தான் விளங்கியது. மகள் பக்கம் திரும்பி, "வயசக் கூட்டிப் போட்டியா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயதுதானே, ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். ஞாபகம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

பதிவு தவறு என்றால் அடையாளத்தை நிரூபியுங்கள் என்று அந்தப் பதிலின் அடியில் இருந்தது. பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினேன். முகப்படம் உள்ள ஆவணம் வேண்டும் என்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த நாட்டில் ஏது அடையாள அட்டை? கடைசியில் முகத்தைக் காட்டச் சொன்னது. பிள்ளையை போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்கார வைத்தேன். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கமராவைப் பார், கண்ணை மூடித் திற என்று அது சொல்லச் சொல்ல அவள் செய்தாள். போன் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நீங்கள் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டிருக்கிறோம் என்று வந்தது. வெளிச்சம் போதவில்லையோ, அந்த எந்திரம் நம்மைப் போன்ற முகங்களைப் பார்த்தே பழகவில்லையோ, எனக்குத் தெரியாது.

"அங்கிள், அப்ப நான் சின்னப் புள்ள இல்லையா?" என்றாள்.

எந்திரம் பிழையாகச் சொல்கிறது, நீ பயப்படாதே என்றேன்.

"அதுகிட்ட யாரு சொல்றது?"

 உன் தாத்தா குடியுரிமைக்காகப் பதுளைக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலக வாசலில், வருடக்கணக்காக நின்றது உனக்குத் தெரியும். இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று காட்ட ஒரு காகிதம் இல்லாமல், இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடந்தவர். தோட்டத்தில் அப்படி நடந்த குடும்பம் எத்தனை என்று கணக்கே இல்லை. அப்போதாவது எதிரில் ஒரு மனுசன் உட்கார்ந்திருந்தான். திட்டலாம், கெஞ்சலாம், நாளைக்கு வந்து திரும்பவும் நிற்கலாம். இந்தப் பிள்ளைக்கு நிற்க ஒரு வாசல்கூட இல்லை. பிள்ளை என்று நிரூபிக்கத் தன் முகத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு, அதையும் நம்ப மாட்டோம் என்று பதில் வாங்கிக்கொண்டு போனாள். அந்த முகம் இப்போது எந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது? ஒரு தப்பைத் திருத்தப் போய் அவளுடைய இன்னொரு பொருளையும் நானே எடுத்து அவர்களிடம் நீட்டியிருக்கிறேன்.

பொலிசுக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். சிறுவர் மகளிர் பிரிவில் இருந்த சிங்களப் பெண் அதிகாரி நல்ல மனுசி. பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். போனில் மகளைக் கேட்டவர்களின் இலக்கங்களை எழுதிக்கொண்டார். அந்தக் கம்பனிக்கு எழுதுகிறோம், அவர்கள் எங்களுக்கும் லேசில் பதில் போட மாட்டார்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் மறைக்காமல் சொன்னார். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார், கணக்குத் திறக்கும்போது இந்தப் பிறந்த தேதியைப் போட்டது யார் என்று. நான் மூர்த்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சொல் போதும். கடை உரிமம், ஊரில் உள்ள பெயர், கொழும்பில் வேலை செய்கிற மகன், எல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் என் முன்னால் வந்து நின்றன. அதற்குள் மூர்த்தி முந்திக்கொண்டார். "தெரியலிங்க அம்மா. புள்ளதான் போட்டிருக்கணும். என்னோட தப்புதாங்க, போன் குடுத்திருக்கக் கூடாது." அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மூர்த்தி, கடை வேலையை விட்டுவிட்டு நான் கூட வந்ததற்காக எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ரீலோட் போட வந்த ஒரு அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வருவதில்லை, மூர்த்தியின் அக்கா இனிப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப் பேசுகிறார்கள் என்று. வயது குறைந்த பிள்ளையாச்சே என்றேன். "யாரு வயசக் கேக்குறா மொதலாளி?" என்றார் அந்த அம்மா. அன்று கடையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில், மூர்த்தி எனக்கு நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டும் விறகு பிளந்துகொண்டும் இருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மூர்த்தி, அந்த வயசப் போட்டது நான்தான். புள்ள இல்ல. அது என் மகன் பொறந்த தேதி."

அவர் விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் முழுதாகச் சொன்னேன், அந்த வரிசை, சிவப்பு எழுத்து, மற்றப் பிள்ளைகள், பொலிசில் நான் வாய் திறக்காமல் இருந்தது வரைக்கும். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"அவ மொத நாளே சொன்னா. கடை அங்கிள்தான் போட்டாருன்னு. படிச்ச மனுசன் மேல பழி போடுறியான்னு அறஞ்சேன் மொதலாளி. மூணு வாரமா அவகூட நான் பேசல."

உள்ளே இருந்து தனுஷியா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். "நான் சொன்னேன்லப்பா" என்றாள். சத்தம் உயரவில்லை, அழவும் இல்லை. மூர்த்தி எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்தார். திரும்பாமலே, "நீங்க போயிட்டு வாங்க மொதலாளி" என்றார். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் வருகிற வரைக்கும் ரோட்டோரம் நின்ற அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கம்பனி அவளை நம்பவில்லை, எந்திரம் நம்பவில்லை, பெற்ற அப்பாவும் நம்பவில்லை. மூன்று இடத்திலும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது என் விரல் அடித்த ஒரு தேதி.

மறு நாள் அந்த அதிகாரியிடம் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. என் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து ஒரு நாள் அந்தப் பக்கம் காணாமல் போனது. ஏன் என்று ஒரு வரி இல்லை, மன்னிப்பு இல்லை. அப்படி ஒரு பக்கத்தைத் தொடங்கியவன் யார் என்று இன்று வரை தெரியாது. அந்தப் பக்கத்தோடு தனுஷியாவின் கணக்கும் போய்விட்டது. திறந்தபோது வயது குறைந்தவர் என்று தெரியவந்ததால் அகற்றினோம் என்று ஒரு செய்தி. குவைத்திலிருந்து அவள் அம்மா வருடக்கணக்காக அனுப்பிய குரல், படம், பிறந்த நாளுக்குப் பாடி அனுப்பியது, எல்லாம் அதற்குள் இருந்தன. எடுத்துவைத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கொடுத்திருக்கலாம். பிள்ளை என்று தெரியாத வரைக்கும் அவளை வைத்துச் சம்பாதித்தார்கள். பிள்ளை என்று ஒப்புக்கொண்ட அன்றே கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் முகத்தை எடுத்த வீடியோவையும் அழித்தீர்களா என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. எது அவளுக்கு வேண்டுமோ அதை அழித்தார்கள். எது வேண்டாமோ அது எங்கே என்று கேட்டால் பேச்சு மூச்சு இல்லை.

மூர்த்தி மகளைக் கொழும்புக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போய் விட்டார். ஆனால் ரீலோட் போட நம் கடைக்கு வருவதில்லை. பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்குப் போகிறார். அது நியாயம்தான். இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போய்க் கேட்டேன். "பேரு போடாதீங்க. மத்ததெல்லாம் எழுதுங்க" என்றார்.

இவ்வளவும் ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், நீ சிரித்தாய். அதே சிரிப்பை நானும் சிரித்திருக்கிறேன். வயதைக் கேள், முகத்தைக் காட்டு, அட்டையைக் காட்டு என்று இப்போது எல்லா நாட்டிலும் சட்டம் பேசுகிறார்கள். நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி லேசாக நினைக்க முடியவில்லை. தெரியாத ஒருவன் எந்தப் பிள்ளையின் கதவையும் தட்ட முடியாத மாதிரி அந்தக் கதவை முதலிலேயே செய்திருக்கலாம். அதைச் செய்ய அவர்களுக்கு யாருடைய முகமும் தேவையில்லை. செய்தால் கூட்டம் குறையும், அதனால் செய்யவில்லை. பெட்டியில் ஒரு தேதியைக் கேட்டுவிட்டு, பொய் சொன்னது நீதானே என்று ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறார்கள். அந்தப் பொய்யைச் சொல்ல அவர்களுக்கு என்னைப் போல ஒரு ஆள் ஒவ்வொரு ஊரிலும் தேவைப்படுகிறான். இப்போது உன் வீட்டில் நீ. உன் மகளுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அவள் பெயரில் ஒரு பொய்ப் பதிவு நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கணக்கை மூடு. மூடினேன் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவள் பெரியவளாகி ஒரு நாள் கேட்கும்போது அவளிடம் சொல்ல உன்னிடம் ஒரு நேரான பதில் இருக்கட்டும்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் தனுஷியா கடைக்கு வந்தாள். தனியாக வந்தாள். பதினான்கு வயது, உயர்ந்துவிட்டாள். மற்றக் கடையில் எந்திரம் பழுதாம். பிறப்புச் சான்றிதழில் இரண்டு கொப்பி வேண்டும், ஏதோ விண்ணப்பத்துக்கு. சான்றிதழை மேசையில் வைத்தவள் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்கிள், கொப்பி எடுத்தா அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

இருக்கும், நானாக அழித்தால்தான் போகும் என்றேன். இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளின் சான்றிதழ் அதில் கிடந்தது என்றும், அவற்றை இந்த வருடம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன் என்றும் சொன்னேன். 

"அப்ப எனக்குத் திரைய இந்தப் பக்கம் திருப்பிட்டு எடுங்க. அழிக்கிறதயும் நான் பாக்கணும்."

பின்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன். கொப்பி எடுத்து, கோப்பை அழித்து, அழித்தவை போய்க் கிடக்கும் பெட்டியையும் திறந்து காலியாக்கினேன். அங்கேயும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு காகிதங்களை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அடுத்து நின்ற ஒரு அம்மா தன் மகனின் சான்றிதழை நீட்டினார். நீட்டியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எனக்கும் அப்படியே திருப்பிக் காட்டுங்கள் என்றார்.

அப்பா